விசில் அடிக்கவில்லை

எங்கள் மாமாவோடு எங்கேயாவது கிளம்பினால் முதலில் அவர் எங்களை எண்ணுவார். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று, ஆள்காட்டி விரலை வயிற்றோடு ஒட்டி மறைத்துக்கொண்டு, உதடு அசையாமல் எண்ணுவார். மூன்றே பேர் போகும்போதும் எண்ணுவார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் ஒரு தடவை, படம் முடிந்ததும் ஒரு தடவை. என் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றபோது, "ஒருத்தர் குறையுது, இருங்க" என்று போட்டோக்காரரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். நாங்களும் மண்டபம் முழுக்கத் தேடினோம். குறைந்தது அவர்தான். தன்னை எண்ண மறந்துவிட்டார்.

அதைச் சொல்லிச் சொல்லி நான் அவரை ஓட்டுவேன். அவரும் சளைத்தவர் இல்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மதியம் வரை வருகிறவர்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் நான் அவருக்குக் காட்டேரி. நான் படி ஏறும் சத்தம் கேட்டதுமே, "காட்டேரி வந்தாச்சு, எல்லாரும் முழுக்கைச் சட்டை போட்டுக்கங்க" என்பார். எங்கள் இருவர் வாயையும் மூடுவதுதான் அக்காவுக்குப் பாதி வேலை.

ஆனால் ஒரு வார்த்தையை வைத்து மட்டும் நான் அவரைக் கேலி செய்ததில்லை. மாமா 'ரைட்' என்று சொல்லமாட்டார். யாராவது போனில் "ரைட்டு, வச்சிடறேன்" என்றால் அவர் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டார். அப்போதெல்லாம் தெருப் பிள்ளைகள் அவரை 'ரைட் மாமா' என்றுதான் கூப்பிடும். இப்போது பதினோரு வருஷமாகப் பணிமனையின் பின்பக்கம், பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வைக்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறார். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை முழுப் பல்செட். அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

ஏன் கேட்டு வாங்கினார் என்று எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அது பாதிக் கதை. மீதி போன மாதம் வரை மாமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா அப்போது மலைப்பாதை பஸ்ஸில் இருந்தார். அந்த வண்டியின் டிரைவருக்கு 'மெத்தை' என்று பெயர். வளைவில் அவர் பிரேக் போடுவதே தெரியாது, பயணிகள் வீட்டில் படுத்த மாதிரி தூங்குவார்கள், அதனால் மெத்தை. ஒன்பது வருஷம் இருவருக்கும் ஒரே வண்டி. ஒருவரை ஒருவர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் காலை, மழைக்கு அடுத்த பனிமூட்டத்தில், பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு வளைவில் பஸ்ஸை ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். கைகால் நீட்ட நாலைந்து பேர் இறங்கினார்கள். பனியில் பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் முன்பக்கம் தெரியவில்லை. பஸ் கிளம்பியது. அரைமணி நேரம் கழித்து, ஒரு ஜன்னலோர சீட்டில் துணிப்பை மட்டும் இருப்பதையும் ஆள் இல்லாததையும் யாரோ பார்த்தார்கள். அது ஒரு தையல்காரரின் பை. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய்க் கத்திக் கத்திக் கூப்பிட்டார்கள். அவர் பஸ்ஸைப் பிடிக்கப் பின்னால் ஓடியிருக்கிறார். ரோடு எது, ரோட்டின் ஓரம் எது என்று தெரியாத பனி. மறுநாள் மதியம்தான் கீழே இருந்து உடலைத் தூக்கினார்கள்.

விசாரணை வைத்தார்கள். "கண்டக்டர் ரைட் கொடுத்தார், நான் எடுத்தேன்" என்றார் மெத்தை. மாமாவைக் கேட்டார்கள். மாமா ஒரே ஒரு வரிதான் சொன்னார். "நான் விசில் அடிக்கலை சார்."

அது சத்தியமான உண்மை. விதிப்படி கண்டக்டர் விசில் அடித்தால்தான் பஸ் நகர வேண்டும். ஆனால் அந்தப் பணிமனையில் எந்தக் கண்டக்டரும் விசிலை வாயில் வைத்ததில்லை. அது சட்டைப் பையில் கிடக்கும், எல்லோரும் வாயாலேயே 'ரைட்' என்பார்கள். விசாரித்த அதிகாரிக்கும் அது தெரியும். ஆனால் காகிதத்தில் இருப்பது விசில்தானே? கண்டக்டர் சைகை கொடுக்கவில்லை, டிரைவர் தன் இஷ்டத்துக்கு எடுத்தார் என்று எழுதிவிட்டார். மெத்தைக்கு வேலை போயிற்று. மனைவியின் ஊர் அந்த மலைமேல்தான், அங்கேயே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இனி மீதி. அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். மலை ஊர் ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் வேலை கிடைத்து, சேரப் போய்க்கொண்டிருந்தேன். பின்படிக்குப் பக்கத்து சீட். மாமா படியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, நீங்க மலையிறங்கி வீட்டுக்குப் போனதும், நான் நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றேன். அவர் திரும்பி, என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டி, வாய் நிறைய "ரைட்டு!" என்றார்.

பஸ் நகர்ந்துவிட்டது. மாமா ஒரு கணம் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் ஏறியிருப்பார்கள் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லவில்லை.

விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சொன்னால் அக்கா நடுத்தெருவில் நிற்பாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம்கூட நான் தங்கவில்லை. பனி இறங்கினால் ஜன்னலுக்கு வெளியே யாரோ ஓடிவருகிற காலடி கேட்டது. மாமாவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இத்தனை கேலியும்.

போன மாதம் மலைக்கு அந்தப் பக்கம், மாமாவின் தங்கை வீட்டில் ஒரு கல்யாணம். வழக்கமாக மாமா மலையைச் சுற்றிக்கொண்டு போகிற ரயிலில்தான் போவார், அது ஒரு பகலும் ஒரு இரவும் பிடித்தாலும் சரி. இந்த முறை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அக்காவும் விடவில்லை. அக்கா, மாமா, நான், மூன்று பேரும் மலை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். அந்த வளைவு வந்தபோது மாமா கண்ணை மூடி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மட்டும், "எவ்வளவு அழகா இருக்கு, ரெண்டு பேரும் இப்படித் தூங்கி வழியறீங்களே" என்று திட்டினாள்.

மலை ஊரில் பத்து நிமிஷம் நின்று கிளம்ப வேண்டிய பஸ். மேலே பாறை சரிந்து ரோடு அடைபட்டுக் கிடக்கிறது, மாலை ஐந்துக்கு முன் நகராது என்று சொல்லிவிட்டார்கள். மணி அப்போது எட்டரை. பயணிகள் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். அக்கா மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"மலைக்கு வந்துட்டு பஸ் ஸ்டாண்டையே பார்த்துட்டுப் போறதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்கிறேன். இத்தனை வருஷம் இந்த ரோட்டுல போய்ட்டு வந்தவரு, ஒரு நாளாவது கூட்டிட்டு வந்தாரா?"

"இங்க என்ன இருக்கு பார்க்க? வெறும் பனி" என்றார் மாமா.

"அந்தப் பனியைத்தான் பார்க்கணும். கிளம்புங்க."

சுற்றிக் காட்டுகிற ஜீப்புகள் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிற்கும். எங்களைப்போல மாட்டிக்கொண்டவர்கள் முந்திக்கொண்டதில் எல்லா வண்டியும் போய்விட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. "அந்த ஆள் வண்டியா? ஒரு இடத்துலேர்ந்து கிளம்பறதுக்குள்ள விடிஞ்சிடும், ஆனா பத்திரமா கொண்டுவந்து விட்டுடுவாரு" என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார் பக்கத்துக் கடைக்காரர்.

ஜீப்பின் மறுபக்கத்திலிருந்து எழுந்து வந்தவருக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. காதை மூடிக் கம்பளித் தொப்பி. மாமாவைப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்தார்.

"வாங்க சார்" என்றார் மெத்தை.

ஒன்பது வருஷம் மாப்ளே என்று கூப்பிட்ட வாய். அந்த 'சார்' மாமாவின் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்ததை நான் பார்த்தேன். திரும்பிவிடலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா அடையாளம் கண்டுகொண்டாள்.

"மெத்தை அண்ணனா? ஐயோ, என்னண்ணே இப்படி ஆயிட்டீங்க! அண்ணி சௌக்கியமா?"

"இருக்கோம்மா. ஏறுங்க."

என்னை அவருக்குத் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணை டிரைவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

முதலில் ஏரிக்குப் போனோம். ஏரி என்று ஒரு பலகை இருந்தது, பலகைக்குப் பின்னால் வெள்ளையாகப் பனி இருந்தது. அக்கா அதற்கே மகிழ்ந்துபோய்த் தண்ணீரில் கையை விட்டு, "சில்லுனு இருக்கு, வாங்களேன்" என்று மாமாவைக் கூப்பிட்டாள். மாமா கரைக்கு வராமல் எங்களை எண்ணிக்கொண்டு நின்றார். அக்கா, நான். அக்கா, நான். ஜீப்புக்குப் பக்கத்தில் மெத்தையும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரலும் அசைந்தது.

திரும்பி ஏறினோம். மெத்தை ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பின்கதவைத் திறந்து எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். வண்டி உறுமியது, நகரவில்லை. கண்ணாடியில் அவர் கண் மாமாவின் மேல் இருந்தது.

"போலாம்ணே" என்றாள் அக்கா.

வண்டி நகரவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சுண்ணே, எடுங்க."

அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை. கடைசியில் மாமா கையை வெளியே நீட்டி ஜீப்பின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். வண்டி நகர்ந்தது, பிரேக்கும் கியரும் தெரியாமல், அந்தப் பழைய மெத்தை ஓட்டுவது மாதிரியே.

அருவியிலும் அப்படியேதான். அருவி கேட்டது, தெரியவில்லை. அக்கா பையிலிருந்து வீட்டில் செய்து கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்து, முதல் பங்கை மெத்தைக்குக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். அக்கா விடுகிற ஆளா?

"சாப்பிடுங்கண்ணே. பழசையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது. இவரு அன்னிலேர்ந்து உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல. அவசரத்துல வண்டிய எடுத்துட்டீங்க, வேணும்னா செஞ்சீங்க? மனுஷன்னா தப்பு வராமலா இருக்கும்? நாங்க யாரும் உங்க மேல கோபமா இல்ல."

என் அக்கா நல்லவள். அந்த நிமிஷம் எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. எந்தத் தப்பும் செய்யாத மனிதரை, பெரிய மனசு பண்ணி, அவள் மன்னித்துக்கொண்டிருந்தாள். மாமா கையில் வைத்திருந்த சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மெத்தை அவர் முதுகைப் பார்த்தபடி, "ஆமாம்மா" என்றார். அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியபோது, தண்ணீரை நிறுத்திவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்த்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி. நானும் திரும்பினேன். யாரும் இல்லை.

மணி மூன்று. "அவ்வளவுதானா?" என்றாள் அக்கா குறையாக.

"இன்னும் ஒரு இடம் இருக்கும்மா. கொஞ்சம் கீழ இறங்கணும். பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் மாமா. காலையிலிருந்து அவர் பேசியது அது இரண்டாவது தடவை.

"நேரம் இருக்கு சார்."

மாமா இறங்கி நடந்திருக்கலாம். நானும் தலைவலி என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தோம். அரைமணி நேரம் கீழே இறங்கினோம். அன்று பஸ் திரும்பிப் போனதும் இதே அரைமணிதான்.

அந்த வளைவில் இப்போது இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதற்கு அப்பால் வெள்ளை. அக்கா கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லையே என்றாள். மாமா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. நான் இறங்கினேன். பனிக்குள் எங்கேயோ ரோட்டில் காலடி கேட்டது. எனக்குக் கேட்டது உறுதி. மெத்தைக்கும் கேட்டிருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றிக் காதைக் காட்டி நின்றார். மாமா கண்ணை மூடியிருந்தார். யாரும் வரவில்லை.

"போதும்ணே, குளிருது" என்று அக்கா ஏறினாள். நானும் ஏறினேன். மெத்தை வண்டியைச் சுற்றினார், குனிந்து பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், உட்கார்ந்தார், இன்ஜினைப் போட்டார். மாமா தகரத்தில் தட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை.

வண்டி நகரவில்லை. மாமா மறுபடி தட்டினார். மெத்தை இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"தட்டினா எனக்குக் கேட்காது சார். வாயால சொல்லுங்க."

"என்னண்ணே இது?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லம்மா. சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணும். வேலை போச்சு, அது போகட்டும். திருப்பிக் கேட்கல. அன்னிக்கு நீங்க சொன்னீங்களா, சொல்லலையா? அது மட்டும் போதும். மூணு டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டேன். நல்லாத்தான் இருக்குங்கறாங்க. ஆனா வண்டி எங்க நின்னாலும் எனக்கு ரைட்டுன்னு கேட்குது. ஆள் ஏறலைன்னாலும் கேட்குது. யாரும் இல்லாத வண்டில உட்கார்ந்தாலும் கேட்குது. அப்போ அன்னிக்கும் இப்படித்தான் எனக்கா கேட்டிருக்குமோ? நானாதான் எடுத்துட்டேனோ? அந்த மனுஷனை நான்தான் கொன்னேனா? சொல்லுங்க சார்."

மாமா வாயைத் திறந்தார். "நான் விசில்..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. மாமாமேல் வந்ததா, என்மேல் வந்ததா என்றும் தெரியவில்லை.

"சொன்னாரு" என்றேன். "ரைட்டுன்னு சொன்னாரு. உங்களுக்கு இல்ல, எனக்கு. அக்காகிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொன்னேன், அதுக்கு சரின்னு சொன்னாரு. உங்க காதுல விழுந்தது அதுதான். பின்படிக்குப் பக்கத்து சீட்ல நான்தான் இருந்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயுமா?" என்றாள். எங்கள் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அன்று அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. இன்றும் அளந்துதான் பேசுகிறாள்.

"நான்தான் சொன்னேன் மாப்ளே" என்றார் மாமா. அழுதார். "வண்டி நகர்ந்ததும் நிறுத்தச் சொல்லியிருக்கணும். எண்ணலை. எல்லாரும் வந்திருப்பாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் விசில் அடிக்கலைன்னு சொன்னேன். பொய் சொன்னா மாட்டிக்குவேன்னு உண்மையைச் சொன்னேன்."

மெத்தை கோபப்படுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் மூன்று பேருக்கும் நல்லதாக இருந்திருக்கும். அவர் ஒரு காரியம் மட்டும் கேட்டார்.

"அன்னிக்குச் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லுங்க."

"மாப்ளே, வேண்டாம்."

"சொல்லுங்க."

மெத்தை முன்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா கண்ணைத் துடைத்தார். தொண்டையைச் சரிசெய்தார். பதினோரு வருஷம் சொல்லாத வார்த்தை, முதலில் காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது தடவை வாய் நிறைய வந்தது. "ரைட்டு!"

என் தலையில் அந்தத் தட்டு விழுந்த மாதிரியே இருந்தது.

"இதேதான்" என்றார் மெத்தை. "இதே குரல்தான்." சிறிது நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தார். பிறகு நிமிர்ந்து, "என் பொண்டாட்டி அப்பவே சொன்னா, நீங்க தூங்குமூஞ்சி இல்ல, கேட்டிருந்தா கேட்டதுதான்னு. அவ நம்பினா. நான்தான் என்னை நம்பல" என்றார்.

அக்கா பின்கதவைத் திறந்து இறங்கினாள். முன்பக்கம் போய் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாமாவின் பக்கத்தில் உட்கார அவளுக்கு இஷ்டமில்லை.

"உங்க வீட்டுக்கு விடுங்கண்ணே. இவரு வந்து அண்ணிகிட்ட நேர்ல சொல்லட்டும்."

"உங்களுக்கு பஸ் போயிடும்மா."

"போகட்டும்."

வீடு மலை ஊருக்கு வெளியே, ஒரு சரிவில் இருந்தது. தகரக் கூரை, ஒரு அறை, ஒரு அடுப்படி. பேச்சுச் சத்தம் கேட்டு மெத்தையின் மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். மாமாவைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை. மெத்தை சுவரோரம் போய் நின்றுகொண்டார். மாமா செருப்பைக் கழற்றி, வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ரைட் என்று சொன்னதை, எண்ணாமல் விட்டதை, நிறுத்தாமல் விட்டதை, விசாரணையில் ஒரு உண்மையைச் சொல்லி அதன் பின்னால் ஒளிந்துகொண்டதை, எல்லாவற்றையும் சொன்னார். என் பெயரை அவர் எடுக்கவில்லை. நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன், எனக்கும் தெரியும் என்று நானாகத்தான் சொன்னேன்.

அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு கணவரைப் பார்த்தார். மெத்தை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தையைப்போல அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மாவின் கண்ணும் கலங்கியது. முகத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, மாமாவை உட்காரச் சொன்னார். மாமா உட்காரவில்லை.

"இத்தனை வருஷம் கழிச்சாவது வரணும்னு தோணிச்சே" என்றார் அந்த அம்மா. "இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் தேடிக்கிட்டு வந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் மாமா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அக்காவும் கெஞ்சியிருப்பாள், அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு 'ஆமாம்' போதும், அந்த அம்மாவுக்கு ஒரு ஆறுதல், மெத்தைக்கு ஒரு ஆறுதல், நாங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்போம்.

மாமா அந்த அம்மாவை நேராகப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "ரோடு அடைச்சிருந்துது. அதனால இறங்கினோம்."